சிதைந்த எழுத்து எந்தப் படியில் சிதைந்தது?

சொற்செயலியில் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால் பெரும்பாலோர் முதலில் எழுத்துருவை மாற்றிப் பார்க்கிறார்கள். அது பலிக்காவிட்டால் வரிசையாகப் பத்து எழுத்துருக்களைச் சோதித்துவிட்டு, சலித்துப்போய்க் கோப்பைச் சேமித்து மூடிவிடுகிறார்கள். இவற்றுள் முதல் செயல் சில வேளைகளில் பயன் தரும். கடைசிச் செயலோ, மீட்டிருக்கக்கூடிய உரையை அழித்தே விடக்கூடும். அதற்கு முன், சிதைவு எந்த உருவில் தெரிகிறது என்று உற்றுப் பார்ப்பது நல்லது. வெற்றுக் கட்டமா, வினாக்குறியா, அயல் எழுத்துகளின் குவியலா, புள்ளிகளால் ஆன வட்டமா என்பதைக் கொண்டே கோளாறு எங்கே நேர்ந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களையே சேமிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யுனிகோட் 'க' என்ற எழுத்துக்குத் தந்திருக்கும் எண் 2965. கோப்பின் அடிப்படைச் சேமிப்பு அலகான ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான எண்களே அடங்கும் என்பதால், இதைக் கோப்பில் எழுத ஒரு குறியாக்க முறை, அதாவது எண்ணைப் பைட்டுகளாக்கும் விதி, தேவைப்படுகிறது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த யுடிஎஃப்-8 முறையில் 'க' என்பது 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகளாகிறது. கோப்பைத் திறக்கும்போது இதே பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது: சொற்செயலி பைட்டுகளைச் சேர்த்து எண்ணாக்குகிறது, அந்த எண்ணுக்குரிய வடிவத்தை எழுத்துருவில் தேடுகிறது, பிறகு அடுத்தடுத்த வடிவங்களை மொழியின் விதிப்படி அடுக்குகிறது. ஒவ்வொரு படியிலும் பிழை நேரலாம். ஒவ்வொன்றின் பிழையும் வெவ்வேறு முகம் காட்டும்.

முதற்படியின் பிழையே மிகவும் விசித்திரமாகத் தோன்றும். யுடிஎஃப்-8 முறையில் எழுதிய கோப்பை, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று கொள்ளும் விண்டோஸ்-1252 என்ற பழைய முறையில் படித்தால், 224 என்பது தலையில் சாய்கோடு ஏறிய சிறிய ஆங்கில 'ஏ' ஆகிறது. 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய பதிவுக்குறி ஆகிறது. 149 என்பது ஒரு கரும்புள்ளி ஆகிறது. தமிழ் எழுத்துகள் அனைத்தும் யுடிஎஃப்-8இல் 224, 174 என்றோ 224, 175 என்றோதான் தொடங்குகின்றன. ஆகவே சாய்கோட்டு 'ஏ'யும் பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வரும் குவியலைக் கண்டால், அதன் உள்ளே தமிழ் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். ஆங்கில உரையிலும் இது நேரும். வளைந்த மேற்கோள் குறியின் எண் 8217. அதன் பைட்டுகள் 226, 128, 153. அவை கூரை போட்ட 'ஏ', யூரோ குறி, வணிக முத்திரைக் குறி என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். இத்தகைய சிதைவுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் மோஜிபாகே. எழுத்து உருமாறிப் போதல் என்பது ஏறத்தாழ அதன் பொருள்.

இங்கே எழுத்துருவை மாற்றுவது வீண் வேலை. எழுத்துரு தனக்கு வந்த எண்களைச் சரியாகவே வரைகிறது, வந்த எண்கள்தாம் தவறு. எதையும் சேமிக்காமல் கோப்பை மூடி, மீண்டும் திறக்கும்போது குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுப்பதே இதற்கு மருந்து. இன்றைய சொற்செயலிகளின் சொந்தக் கோப்பு வடிவங்களில் குறியாக்கம் கோப்பிலேயே பதிவாகியிருப்பதால் அவற்றில் இந்தக் குழப்பம் அரிது. வெறும் உரைக்கோப்புகளில் அத்தகைய குறிப்பு பெரும்பாலும் இல்லை. மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கிறது, ஊகம் தவறவும் செய்கிறது.

சிதைந்த கோலத்திலேயே சேமித்துவிட்டால் என்ன ஆகும்? கோட்பாட்டளவில், அதை விண்டோஸ்-1252 முறையில் பைட்டுகளாக்கி, அந்தப் பைட்டுகளை யுடிஎஃப்-8 ஆகப் படித்தால் மூல உரை திரும்பிவிட வேண்டும். நடைமுறையில் ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. விண்டோஸ்-1252 பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களுக்கு எழுத்து எதுவும் ஒதுக்கப்படவில்லை. சில மென்பொருள்கள் அவ்விடங்களைக் கண்ணுக்குப் புலப்படாத குறிகளாகக் காத்து வைக்கின்றன. வேறு சில அவற்றை நீக்கிவிடுகின்றன. தமிழ் மெய்யெழுத்துப் புள்ளியின் கடைசி பைட் 141, உகரக் குறியின் கடைசி பைட் 129. தமிழில் இவ்விரண்டும் இல்லாத வாக்கியத்தைக் காண்பது கடினம் என்பதால், மீட்கப்பட்ட உரையில் புள்ளிகளும் உகரங்களும் மட்டும் காணாமற்போயிருப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

வினாக்குறிகளில் இரண்டு வகை உண்டு. கறுப்புச் சாய்சதுரத்துக்குள் இருக்கும் வினாக்குறி (�), படித்த பைட்டுகள் யுடிஎஃப்-8 விதிக்குப் பொருந்தவில்லை என்று மென்பொருள் கைவிரிப்பதன் அடையாளம். பழைய முறையில் எழுதிய கோப்பை யுடிஎஃப்-8 என்று எண்ணித் திறக்கும்போது இது தோன்றும். சேமிக்காத வரை மூலக் கோப்புக்கு ஊறில்லை. எழுத்துக்கு எழுத்து சாதாரண வினாக்குறியே வரிசையாக நின்றால் நிலைமை மோசம். தமிழுக்கு இடமே இல்லாத ஒரு முறைக்கு யாரோ உரையை மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் 63 என்ற ஒரே எண்ணாக, அதாவது வினாக்குறியாக, எழுதப்பட்டுவிட்டது. அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. மூலப்படியைத் தேட வேண்டியதுதான்.

வெற்றுக் கட்டம் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எண் சரியாக இருக்கிறது, அதற்குரிய வடிவம்தான் எழுத்துருவில் இல்லை. 'ஶ' என்ற எழுத்து 2005இல்தான் யுனிகோடில் சேர்ந்தது. அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் அது இல்லாததில் வியப்பில்லை. எழுத்துருவை மாற்றினால் தீரும் கோளாறு இது. ஆவணத்தை வேறு கணினிக்கு அனுப்புவதாயின், எழுத்துருவை ஆவணத்துக்குள்ளேயே பதித்துச் சேமிக்கலாம்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. பாமினியில் 'தமிழ்' என்று தெரியும் சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு மாறியவுடன் வேடம் கலைந்துவிடும். விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரிக்கும் முகமும் 'ஜே' என்ற எழுத்தின் இடத்தில் இருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வாக்கியத்தின் இறுதியில் காரணமற்ற ஒரு 'ஜே' நிற்பதைக் காணலாம். விங்டிங்ஸுக்கு அதே எழுத்துருவை மீண்டும் இட்டால் போதும். பாமினி உரையை அதற்கான மாற்றி மென்பொருளைக் கொண்டு யுனிகோடாக்கிவிடுவதே நிலையான தீர்வு என்பது என் கருத்து. எழுத்துருவை நிறுவிச் சமாளிப்பது சிக்கலை அடுத்தவர் கணினிக்குத் தள்ளிவிடுவதாகும்.

கடைசிப் படி அடுக்குதல். 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னே தெரிந்தாலும், யுனிகோடில் முதலில் ககரமும் பிறகே கொம்பும் சேமிக்கப்படுகின்றன. இடம் மாற்றுவது சொற்செயலியின் வேலை. பழைய தட்டச்சு முறையில் பழகியவர் கொம்பை முதலில் இட்டால், சார்ந்து நிற்க எழுத்தில்லாத அக்குறி, புள்ளி வட்டத்தோடு ◌ெ என்று தெரியும். சரியான வரிசையில் இட்டும் வட்டம் தோன்றினால், மென்பொருளுக்கோ எழுத்துருவுக்கோ தமிழின் அடுக்கு விதி தெரியவில்லை என்று பொருள்.

எதுவும் சிதையாதது போலத் தோன்றும் பிழையும் இந்தப் படியில்தான் ஒளிந்திருக்கிறது. 'கௌ' என்பதில் ககரத்தோடு 3020 என்ற ஒரே குறி இருக்கிறது; 'கெள' என்பதிலோ கொம்பும், 2995 என்ற எண்ணுள்ள தனி ளகரமும் இருக்கின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும், ஆனால் தேடலில் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. ஐயம் வந்தால், மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்தினால் அதன் யுனிகோட் எண் பதினாறடிமான எண்ணாக (0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் கொண்டு எழுதும் எண்ணாக) தெரியும். மீண்டும் அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும்.