சொல் விளக்கம்: ஹைட்ராலிக்

ஜேசிபியின் கை, டிப்பர் லாரியின் தொட்டி, சர்வீஸ் ஸ்டேஷனில் காரைத் தூக்கிப் பிடிக்கும் மேடை எல்லாவற்றுக்கும் நம்மூரில் ஒரே சொல்தான்: ஹைட்ராலிக். “ஹைட்ராலிக் போச்சு” என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், எது போச்சு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது.

கிரேக்கத்தில் ‘ஹுடோர்’ என்றால் நீர். ‘அவுலோஸ்’ என்றால் குழல். இரண்டும் சேர்ந்த ‘ஹுட்ராவ்லிஸ்’ முதலில் எந்தப் பளுவையும் தூக்கவில்லை. அது ஓர் இசைக்கருவியின் பெயர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த க்டெசிபியஸ் அதைச் செய்தார். நாவிதர் மகன் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்த ஒரு கலம். அதற்குள் பம்பினால் காற்றடைப்பார்கள். கலத்துக்கு வெளியே உயரும் தண்ணீர் அந்தக் காற்றை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருக்கும், குழல்கள் பிசிறில்லாமல் ஒலிக்கும். புடாபெஸ்டில் உள்ள அக்விங்கம் என்ற பழைய ரோமானிய நகரில் 1931இல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கருவியின் மிச்சங்கள் கிடைத்தன.

அவுலோஸைப் புல்லாங்குழல் என்று எழுதுகிறார்கள். சீவாளி வைத்து ஊதும் கருவி அது; நாகசுரத்துக்குத்தான் நெருங்கிய உறவு. ஆனால் ‘குழல்’ என்ற சொல் இங்கே அச்சாகப் பொருந்துகிறது. இசைக்கும் குழல், அடுப்பூதும் குழல், துப்பாக்கிக் குழல் மூன்றும் நமக்கு ஒன்றுதான், அவுலோஸும் அப்படியே. அதனால் ஹைட்ராலிக்கை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் ‘நீர்க்குழல்’ என்று வரும். அழகான சொல், ஆனால் வேலைக்கு ஆகாது. தெருக்குழாய் என்றுதான் நினைப்பார்கள்.

இன்று நாம் ஹைட்ராலிக் என்று சொல்லும் எந்திரங்களுக்குப் பின்னால் பாஸ்கல் விதி இருக்கிறது. அடைத்துவைத்த நீர்மத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும். 1795இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற அழுத்து எந்திரம் இதில்தான் ஓடியது. லண்டன் டவர் பாலம் 1894இல் திறக்கப்பட்டபோது நீராவி பம்புகள் அழுத்திய தண்ணீரே, கப்பலுக்கு வழிவிட மேலெழும் அதன் நடுத்தட்டுகளைத் தூக்கியது. 1976இல் அந்த வேலை எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் கைமாறியது. தண்ணீர் துருவேற்றும், குளிரில் உறையும், உயவும் போதாது. எண்ணெய் வந்த பிறகும் பெயரில் மட்டும் தண்ணீர் தங்கிவிட்டது.

இப்போது ஒரு பழைய காருக்கு வருவோம். 1965 ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிள், அதாவது கூரையை மடக்கித் திறக்கும் கார், கூடுதல் விலைக்கு வாங்கிய மின்விசைக் கூரையோடு. பின் இருக்கைக்குப் பின்னால் மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும். பக்கத்துக்கு ஓர் உருளை, அவற்றை இணைக்கும் ரப்பர் குழாய்கள். மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் எண்ணெய் உருளையின் அடியில் புகுந்து தண்டை வெளியே தள்ளும், கூரை எழும். எதிர்த்திசையில் சுற்றினால் மேல்புறம் புகும், கூரை மடங்கும். அவ்வளவுதான் எந்திரம்.

சுவிட்சை அழுத்தினால் சத்தமே இல்லையா? அது ஹைட்ராலிக் பழுதே இல்லை. பேட்டரி, சர்க்யூட் பிரேக்கர், சுவிட்ச், எர்த் கம்பி என்று மின்பக்கம் பாருங்கள். மோட்டார் உறுமுகிறது, கூரை அசையவில்லை என்றால்தான் எண்ணெயின் முறை. பம்போடு இருக்கும் எண்ணெய்த் தொட்டியில் அளவு குறைந்திருக்கும், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கும். எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். பம்பு தள்ளுகிற தள்ளெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். எண்ணெய் அளவைக் கூரை எந்த நிலையில் இருக்கும்போது பார்ப்பது என்று கையேட்டில் கவனியுங்கள். தண்டு வெளியே வந்தால் உருளை கூடுதல் எண்ணெயை வாங்கிக்கொள்ளும், தொட்டியில் மட்டம் இறங்கும். இது தெரியாமல் வழிய வழிய ஊற்றியவர்கள் உண்டு.

ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் பின்தங்கினால், பின்தங்கிய பக்கத்து உருளையின் தண்டை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பாகப் படிந்தால் சீல் கசிகிறது. சிவப்பு, இவற்றில் பெரும்பாலும் ஊற்றும் தானியங்கி கியர் எண்ணெயின் நிறம். துணி சுத்தமாக இருந்தால் குழாய் மடங்கியிருக்கிறதா, சட்டகத்தின் கீல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். உருளைகளைக் கழற்றிவிட்டுக் கூரையைக் கையால் தூக்கினாலே இறுக்கம் தெரிந்துவிடும். பம்பை மாற்றச் செலவழிக்கும் முன் இந்தக் காசில்லாத சோதனையைச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

1940களின் கடைசியிலும் 50களிலும் வந்த சில அமெரிக்க வண்டிகளில் இதே வேலையைப் பிரேக் திரவம் செய்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உருளையின் உட்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும், சிந்தினால் பெயின்ட்டையும் அரிக்கும். ஹைட்ராலிக் என்று நீரைப் பெயரில் வைத்துக்கொண்டிருக்கும் எந்திரத்தை நீரே கெடுக்கிறது! இரண்டு திரவங்களையும் கலக்கவும் கூடாது, ஒன்றுக்கான ரப்பர் சீல் மற்றதில் ஊறி வீங்கிப்போகும்.

தமிழில் என்ன சொல்வது? நம் பாடநூல்களில் ‘நீரியல் தூக்கி’ என்று இருக்கிறது. ஆறு, ஏரி, நிலத்தடி நீர் பற்றிய துறைக்கும் நீரியல் என்றுதான் பெயர்; ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு அனுப்புவது சரியாகப் படவில்லை. ‘நீரழுத்த’ என்றால் மறுபடியும் தண்ணீர். ‘பாய்மம்’ காற்றையும் உள்ளடக்கும், அதனால் இங்கே தளர்வு. 1939 பிளிமத் காரின் மின்விசையில்லாக் கூரை எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் இயங்கியது. அதையும் ஹைட்ராலிக் கணக்கில் சேர்த்துவிடும் சொல் நமக்கு வேண்டாம். திரவம் எதுவானாலும் பொருந்துவது ‘நீர்மம்’. எனவே நீர்மவிசை: நீர்மவிசை உருளை, நீர்மவிசைத் தூக்கி, நீர்மவிசைக் கூரை. விளக்கமாக எழுதும் இடத்தில் ‘நீர்ம அழுத்தத்தால் இயங்கும்’ என்று விரிக்கலாம். இலங்கைத் தமிழர் அழுத்தத்தை அமுக்கம் என்பார்கள். அவர்களுக்கு ‘நீர்ம அமுக்கம்’.

கன்வெர்ட்டிபிளுக்கு ‘மடக்குக்கூரை வண்டி’ போதும். பட்டறையில் “ஏர் எடுக்கணும்” என்கிறார்களே, அதில் ஏரைக் காற்றாக்கினால் முடிந்தது: காற்றெடுத்தல். மடக்குக்கூரையில் அதற்குக் கருவிகூட வேண்டாம். தொட்டியை நிரப்பி, கூரையை நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, நுரை அடங்கியதும் மறுபடி மட்டம் பார்த்தால் சரி.