சான்றிதழ் வரும் முன்பே பள்ளி உதவ வேண்டும்: சட்டம் சொல்வது என்ன?

பாடத்தில் கேள்வி கேட்டால் வாயால் பளிச்சென்று பதில் சொல்லும் சில பிள்ளைகள், அதையே தாளில் எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். எழுத்துகள் இடம் மாறும். கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இப்படி ஒரு பிள்ளைக்காகப் பெற்றோர் பள்ளியில் உதவி கேட்கும்போது, பல இடங்களில் கிடைக்கும் முதல் பதில் "சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்பதுதான். அதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவதிலேயே ஒரு கல்வியாண்டு போய்விடுகிறது. வகுப்பறையில் உதவுவதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. புதிய சட்டத்தில் அவை 21 ஆயின. பார்வை, செவித்திறன், கை கால் சார்ந்தவற்றோடு, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் வரும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும், ஆட்டிசமும், பேச்சு மொழிக் குறைபாடும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. டிஸ்லெக்சியா என்று நாம் கேள்விப்படுவது இந்தக் கற்றல் குறைபாட்டில் ஒரு வகை. அது பிள்ளையின் சோம்பேறித்தனமும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை.

சட்டத்தின் 16ஆவது பிரிவு பள்ளிகளைப் பற்றியது. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் இதற்குள் வருகின்றன. பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்வது, கட்டடத்தில் எல்லோரும் நடமாட வழி செய்வது, ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கேற்ப மாற்றங்கள் செய்து தருவது, படிப்பில் முன்னேறுகிறார்களா என்று கண்காணிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. கற்றல் குறைபாட்டை இயன்றவரை சீக்கிரம் கண்டறிந்து, கற்பிக்கும் முறையில் அதற்கேற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கண்டறியும் வேலையையே பள்ளியிடம் கொடுத்த சட்டம், பெற்றோர் சான்றிதழோடு வரும்வரை பள்ளி சும்மா இருக்கலாம் என்று சொல்லுமா? நியாயமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்கிறது. பள்ளியால் தாங்கவே முடியாத சுமை என்றால் மட்டும் விலக்கு உண்டு.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழைப் பொதுவாக எட்டு வயதுக்கு மேல்தான் தருகிறார்கள். சின்ன வயதில் எழுத்து தலைகீழாக வருவது பல பிள்ளைகளிடம் தானாகச் சரியாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே சான்றிதழ் வந்த பிறகுதான் உதவி என்று பள்ளி சொன்னால், வாசிக்கக் கற்கிற முதல் இரண்டு வகுப்புகள் உதவியே இல்லாமல் முடிந்துவிடும்.

சரி, சான்றிதழ் இல்லாமல் பள்ளி என்னதான் செய்ய முடியும்? நிறையவே செய்யலாம், பெரும்பாலானவற்றுக்குக் காசும் தேவையில்லை. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதத் திணறும் பிள்ளைக்கு அந்தப் பகுதியை அச்சிட்ட தாளாகக் கொடுக்கலாம். கேள்வியை ஆசிரியர் வாசித்துக் காட்டிவிட்டுப் பதிலை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போடலாம். நான்கு வேலைகளை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லலாம். வகுப்புத் தேர்வில் கொஞ்சம் கூடுதல் நேரம் தரலாம், அறிவியல் தாளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருக்கலாம். கூச்சப்படும் பிள்ளையை எல்லோர் முன்னாலும் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாமல் இருப்பதே பெரிய உதவிதான். இவையெல்லாம் குறைபாடு ஏதும் இல்லாத பிள்ளைகளுக்கும் பயன்படும். யாரும் இதனால் நஷ்டப்படப் போவதில்லை.

குறைபாடு என்று எந்தப் பட்டியலிலும் வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளிகளில் மெல்லக் கற்பவர்கள் என்று சொல்லப்படுபவர்கள், வீட்டில் வேறு மொழி பேசுபவர்கள், வேலை தேடி ஊர் மாறும் குடும்பத்தோடு வந்து பாதியில் சேர்ந்தவர்கள். இவர்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் 2009 துணை நிற்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்றுத்தருவது ஆசிரியரின் கடமை என்று அதன் 24ஆவது பிரிவு சொல்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்வதும் அதே பிரிவில் உள்ள கடமைதான். வயதுக்கேற்ற வகுப்பில் நேரடியாகச் சேரும் பிள்ளைக்கு, மற்றவர்களோடு சமமாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையை 4ஆவது பிரிவு தருகிறது. இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பொருந்தும்.

அப்புறம், சான்றிதழ் எதற்குத்தான் வேண்டும்? பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கு வேண்டும். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய மூன்றையும் 2016 சட்டத்தின் 17ஆவது பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சிபிஎஸ்இயில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். கடைசி மாதத்தில் ஓடினால் எதுவும் நடக்காது. சான்றிதழில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று குறிக்கப்பட்டவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது 31ஆவது பிரிவு. உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் இதே 40 சதவீதம்தான் அளவு.

அந்த அளவுக்குக் கீழே இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். தேர்வில் சொல்வதை எழுதுபவரின் உதவியை 40 சதவீதம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது என்று, விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒரு தேர்வர் தொடுத்த வழக்கு அது. மாற்றம் செய்து தருவது அந்தந்த ஆளின் தேவையைப் பார்த்து முடிவாக வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

சிறப்பு ஆசிரியர் இல்லையே என்பது பள்ளிகள் சொல்லும் இன்னொரு காரணம். அது உண்மையான குறைதான். ஆரம்ப வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கும், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கும் ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்ற அளவை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே வகுத்துத் தந்தது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையங்களில் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் அந்த மையத்தைக் கேட்டுப் போங்கள். சிறப்புத் தேவையுள்ள பெண் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டத்தில் மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு உதவித்தொகையும் உண்டு.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். பிள்ளைக்கு எது கடினமாக இருக்கிறது, வகுப்பில் என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, 2016 சட்டத்தின் 16ஆவது பிரிவையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவையும் குறிப்பிட்டு, தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பலன் இல்லாவிட்டால், அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பலாம். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். அங்கும் நகரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் அந்தக் கையெழுத்திட்ட நகலோடு புகார் கொடுக்கலாம்.