தடைப் பட்டியலும் லண்டன் போன தேன்குழலும்

2025 மார்ச் 24-ஆம் தேதி பிரிட்டன் அரசு, மனித உரிமை மீறல்களுக்காக இலங்கையைச் சேர்ந்த நான்கு பேர் மீது தடை விதித்தது. முன்னாள் ராணுவத் தளபதிகள் சவேந்திர சில்வா, ஜகத் ஜயசூரிய. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னகொட. நான்காவது ஆள், புலிகளிடமிருந்து பிரிந்துபோன கருணா அம்மான் என்கிற விநாயகமூர்த்தி முரளிதரன். செய்தியை வாசித்துக் காட்டியதும், எங்கள் தெருவில் பலகாரம் போடும் ஆச்சி கேட்டார்கள்: "அப்ப பிடிச்சு உள்ள வச்சிருவாகளா தம்பி?"

இல்லை ஆச்சி. கைது, வழக்கு, தீர்ப்பு எதுவும் இதில் கிடையாது. நம் செட்டியார்கள் வெளிநாட்டில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ரங்கூனிலோ பினாங்கிலோ ஒருவருக்கு நாணயம் போய்விட்டது என்று தெரிந்தால் யாரும் அவரைக் கட்டிப்போட மாட்டார்கள். பணத்துக்குப் பதிலாக அவர் எழுதிக் கொடுக்கும் உண்டியல் சீட்டை யாரும் வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான். கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் இன்று அரசாங்கங்கள் சட்டம் போட்டுச் செய்கின்றன.

பெயர் பட்டியலில் ஏறினால் அந்த நாட்டுக்குள் நுழைய விசா கிடையாது. அங்கே வங்கிப் பணம், வீடு, பங்கு என்று எது இருந்தாலும் முடக்கப்படும். பறிமுதல் இல்லை, சொத்து அவர் பெயரிலேயே கிடக்கும், தொட முடியாது. மூன்றாவதுதான் சாதாரண ஆட்களையும் பிடிக்கிற விதி. அந்த நாட்டுக் குடிமக்களும் நிறுவனங்களும் அவரோடு எந்தப் பணத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. லண்டனில் இருக்கும் நம் பிள்ளை தெரிந்தே அவருக்குப் பணம் கொடுத்தால், பிள்ளை மீது வழக்கு வரும்.

எல்லாத் தடையும் ஒரே கனம் உள்ளதும் இல்லை. சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா 2020 பிப்ரவரியிலேயே தடை போட்டது. ஆனால் அது அவரும் குடும்பத்தாரும் உள்ளே வரக் கூடாது என்பதோடு நின்றது. கனடா 2023 ஜனவரியில் மகிந்த ராஜபக்ச, கோத்தபய ராஜபக்ச உட்பட நால்வரைப் பட்டியலில் சேர்த்தபோது சொத்து முடக்கமும் சேர்ந்தது. 'தடை' என்று தலைப்பில் பார்த்தால், எந்தத் தடை என்று ஒரு வரி கீழே போய்ப் படிப்பது நல்லது.

இந்தச் சட்டங்களுக்கு மூலம் ஒரு ரஷ்யர். மாஸ்கோவில் வரி ஆலோசகராக இருந்த செர்கேய் மாக்னிட்ஸ்கி, சுமார் 23 கோடி டாலர் வரிப்பண மோசடியில் அதிகாரிகளுக்குப் பங்கு உண்டு என்று சொன்னார். அவரையே பிடித்து உள்ளே போட்டார்கள். சிகிச்சை மறுக்கப்பட்டு 2009 நவம்பரில் சிறையிலேயே இறந்தார், வயது 37. அவர் பெயரில் அமெரிக்கா 2012-இல் ரஷ்யர்களுக்கு மட்டுமான சட்டத்தையும், 2016-இல் எந்த நாட்டவருக்கும் பொருந்தும் சட்டத்தையும் கொண்டுவந்தது. கனடா 2017, பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2020, ஆஸ்திரேலியா 2021 என்று மற்றவர்களும் தொடர்ந்தார்கள். பிரிட்டன் விதி மூன்று உரிமைகளைத்தான் பார்க்கிறது: உயிர் வாழும் உரிமை, சித்திரவதைக்கு ஆளாகாத உரிமை, அடிமை வேலைக்கு ஆளாகாத உரிமை. கொன்றவர், கொல்லச் சொன்னவர், அதற்குப் பணம் கொடுத்தவர் எல்லாரும் இதில் வருவார்கள்.

பெயரைச் சேர்ப்பது அரசாங்கம், நீதிபதி அல்ல. மனித உரிமை அமைப்புகள் ஆதாரங்களைத் திரட்டிக் கொடுக்கலாம், முடிவு அமைச்சர் கையில். அதனால் நட்பு நாடு என்றால் கை நடுங்கும். பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலைக்காக 2018-இல் 17 சவூதிக்காரர்களை அமெரிக்கா பட்டியலில் ஏற்றியது. கஷோகியைப் பிடிக்கவோ கொல்லவோ போட்ட திட்டத்துக்குச் சவூதி பட்டத்து இளவரசர் ஒப்புதல் கொடுத்தார் என்று 2021-இல் அமெரிக்க உளவுத் துறையே அறிக்கை வெளியிட்டது. அப்போதும் அவர் பெயர் ஏறவில்லை.

பலன் உண்டா? பர்மாவைப் பாருங்கள். அங்குள்ள சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியாக்கள் மீதான கொடுமைக்காக ராணுவத் தளபதி மின் ஆங் லைங்குக்கு 2019-இல் அமெரிக்கா முதலில் விசாவை மறுத்தது, டிசம்பரில் சொத்து முடக்கமும் வந்தது. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி அவர் ஆட்சியையே பிடித்துக்கொண்டார். அதன் பிறகு ஏப்ரலில் அந்நாட்டு அரசு மரக் கழகத்தின் மீதும் அமெரிக்கா தடை போட்டது. பதற வேண்டாம், நம் செட்டிநாட்டு வீட்டு முகப்புத் தூண்கள் எல்லாம் தாத்தா காலத்துப் பர்மாத் தேக்கு.

சரி, இந்தியாவில் இது செல்லுமா? நம் நாட்டில் இப்படி ஒரு மனித உரிமைத் தடைச் சட்டம் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு அவை போடும் தடை மட்டுமே நம்மைக் கட்டும். அதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பணம் டாலரில் வந்தால் பெரும்பாலும் நியூயார்க் வங்கி வழியாக வரும், பவுண்டில் வந்தால் லண்டன் வழியாக. அங்கே ஒவ்வொரு பெயரையும் கணினி பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

காரைக்குடியில் வி. முரளிதரன் என்று ஒருவர் தேன்குழலும் மணகோலமும் லண்டன் கடைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பலகாரம் போய்ச் சேர்ந்துவிடும், பணம் நடுவில் நிற்கும். பெயர் ஒத்துப்போகிறது என்பதைத் தவிர கணினிக்கு ஒன்றும் தெரியாது. வங்கியிலிருந்து பிறந்த தேதி, முகவரி, பாஸ்போர்ட் நகல், பில் எல்லாம் கேட்டு மின்னஞ்சல் வரும். கோபப்படாமல் கொடுத்துவிட வேண்டும். ஆள் வேறு என்று தெரிந்தால் பணம் விடுபடும். பலரும் செய்யும் தவறு, பொறுமை இழந்து மச்சான் கணக்குக்கு மாற்றி அனுப்பச் சொல்வது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தடையை ஏய்க்கும் வேலை மாதிரியே தெரியும்.

உண்மையிலேயே பட்டியலில் உள்ளவருக்கும் வழி அடைபடவில்லை. பிரிட்டனில் முதலில் அமைச்சரிடம் மறுபரிசீலனை கேட்கலாம், அப்புறம் உயர் நீதிமன்றம். அமெரிக்காவில் கருவூலத் துறைக்கு மனுப் போட வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு சங்கடம் உண்டு. வீட்டு விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், மூன்று நான்கு எழுத்தாகப் பெயருக்கு முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி, பில்லில் வெறும் பெயர். ஏற்றுமதி செய்கிறவர்கள் மூன்றிலும் அப்பா பெயரோடு முழுப் பெயரை ஒரே மாதிரி எழுதிவிடுங்கள். ஆச்சி பில் புத்தகத்தில் இன்னும் வெறும் 'மீனாட்சி' என்றுதான் அச்சடித்திருக்கிறது.