கல்லின் மேல் வீடு, குளத்தின் மேல் உரல்

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் காரூட்டிலிருந்து தாசிக்மலாயா செல்லும் மலைச்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நானூறுக்கும் மேற்பட்ட படிகளில் கீழே போனால் கம்போங் நாகா என்னும் சிற்றூர் வருகிறது. சிக்குராய் மலையில் பிறக்கும் சிவுலான் ஆறு வளைந்தோடும் பள்ளத்தாக்கு அது. குடியிருப்பின் பரப்பு ஒன்றரை ஹெக்டேர். நம் கணக்கில் நான்கு ஏக்கர்கூட இல்லை. அதற்குள் நூற்றுப்பத்துச் சொச்சம் கட்டடங்கள், மேற்கு ஜாவாவின் பூர்வகுடிகளான சுந்தா இனத்தவர் ஏறக்குறைய 300 பேர். மின்சாரம் கிடையாது. வேண்டாம் என்று ஊரே சொல்லிவிட்டது. வருகிற பயணிகள் பழமையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எனக்கென்னவோ அந்த ஊரின் பழமையைவிட, அங்கே ஒவ்வொரு பொருளும் இரண்டு மூன்று வேலை பார்ப்பதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். மரத்தூண்கள் மண்ணில் புதைக்கப்படுவதில்லை. பெரிய கற்களின் மேல் வெறுமனே நிறுத்தப்படுகின்றன. தரைக்கும் வீட்டின் பலகைத் தளத்துக்கும் இடையே அரை மீட்டர் அளவுக்கு இடைவெளி. ஈர மண் தொடாததால் தூணின் அடி உளுப்பதில்லை. கறையானும் மறைவாக ஏறிவிட முடியாது. கல்லின் இன்னொரு வேலை நிலம் நடுங்கும்போதுதான் தெரியும். 2009 செப்டம்பர் 2 அன்று ஜாவாவின் தென்கரைக்கு அப்பால் கடலடியில் 7.0 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. தாசிக்மலாயா மாவட்டம் முழுக்க ஏராளமான செங்கல் வீடுகள் இடிந்தன. கம்போங் நாகாவின் வீடுகள் பெரிய சேதமில்லாமல் நின்றன.

காரணம் எளிய இயற்பியல். நிலம் பக்கவாட்டில் உதறும்போது கட்டடத்தின் மீது விழும் விசை, அதன் நிறையைப் பொறுத்தது. மூங்கில் சுவரும் நார்க் கூரையும் கொண்ட வீட்டின் எடை, அதே அளவுச் செங்கல் வீட்டின் எடையில் சிறு பங்குதான். அந்தக் குறைந்த விசையும் முழுதாக மேலே ஏறுவதில்லை. தூணுக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வு தாங்கும் அளவு வரைதான் ஏறும். அதைத் தாண்டினால் தூண் கல்லின் மேல் லேசாக வழுக்கி நின்றுவிடும். மரத்தோடு மரம் கோத்த மூட்டுகளும், கட்டிய மூங்கில் தப்பைகளும் நெளிந்து கொடுத்து மிச்ச ஆற்றலைத் தின்றுவிடும். இன்றைய பெரிய மருத்துவமனைக் கட்டடங்களுக்கு அடியில் ரப்பர்த் தாங்கிகள் வைத்துச் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

கூரையில் அரென் என்னும் சர்க்கரைப் பனையின் கருப்பு நார் வேயப்படுகிறது. மழையில் எளிதில் மக்காத நார் அது. அடுப்புப் புகைக்குத் தனிப் புகைபோக்கி இல்லை. நாரின் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறுகிறது. போகிற வழியில் புகையிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் மூங்கிலில் படிகின்றன. மூங்கிலில் மாவுச்சத்து உண்டு, அதைத் தேடித்தான் உளுப்பு வண்டு வருகிறது. புகை படிந்த மூங்கில் வண்டுக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் இத்தனை மூங்கிலும் நாரும் நெருக்கி அடித்து நிற்கும் இடத்தில் ஒரு பொறி போதும். 1956-ல், இஸ்லாமிய அரசு கேட்டுப் போராடிய தாருல் இஸ்லாம் கிளர்ச்சியாளர்கள் தீ வைத்ததில் ஊர் எரிந்தே போனது. பிறகு பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டினார்கள். சமையலறைச் சுவரைப் பார்த்தால் இந்த அச்சம் புரியும். மற்றச் சுவர்கள் நெருக்கமாகப் பின்னி, சுண்ணாம்பு அடித்தவை. சமையலறைச் சுவர் மட்டும் கண் கண்ணாக இடைவெளி விட்டுப் பின்னிய படல். புகை போகவும் காற்று வரவும் அது வழி. உள்ளே தீப்பிடித்தால் இரவுக் காவலுக்குச் சுற்றுகிறவர் வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். மின்சாரத்தை மறுப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றும் தீ பற்றிய பயம்தான்.

இனி நீர். பள்ளத்தாக்கின் சரிவை ஊர் மேலிருந்து கீழாகப் பயன்படுத்துகிறது. மேற்கே முன்னோரின் சமாதி இருக்கும் காடு, கிழக்கே ஆற்றுக்கு அக்கரையில் யாரும் நுழையக் கூடாத இன்னொரு காடு. இவற்றிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. எரிமலை மண் கொண்ட செங்குத்தான சரிவில், மரவேர்தான் மண்ணைப் பிடித்து வைக்கிறது. பெருமழை மேல்மண்ணை அரித்துவிடாமல் மெல்ல உள்ளே இறங்கி ஊற்றாகக் கசிகிறது. தெய்வத்துக்குப் பயந்து காப்பாற்றினாலும் சரி, மண்ணியல் படித்துக் காப்பாற்றினாலும் சரி, வேருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வீடுகளைச் சுற்றி மூங்கில் வேலி. வேலிக்குள் குளியலறை, கழிப்பறை, கால்நடைக் கொட்டில் எதுவும் கிடையாது. எல்லாம் வேலிக்கு வெளியே, மீன் குளங்களின் ஓரத்தில். நெல் குத்தும் கொட்டகைகூடக் குளத்தின் மேல்தான் நிற்கிறது. நீண்ட மர உரலில் பெண்கள் வரிசையாக நின்று உலக்கை போடும்போது, சிதறும் தவிடும் குறுநொய்யும் பலகை இடுக்கு வழியே நேரே தண்ணீரில் விழுகின்றன. கெண்டையும் ஜிலேபி மீனும் கீழே காத்துக் கிடக்கின்றன.

கழிவு வரும் குளம் ஏன் நாறிப்போவதில்லை? மூங்கில் குழாயிலிருந்து ஊற்று நீர் உயரத்திலிருந்து ஓயாமல் விழுகிறது. விழும்போது காற்றைக் குமிழிகளாக இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஆக்சிஜனை வைத்துப் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. வெளிவரும் அம்மோனியாவை வேறு பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியா மீனைக் கொல்லும். நைட்ரேட்டோ பாசிக்கு உணவு. பாசியை நுண்ணுயிரிகளும் மீனும் தின்கின்றன. வழிந்தோடும் நீர் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சுமந்துகொண்டு கீழேயுள்ள வயல்களுக்குப் போகிறது, அதாவது உரம் வாய்க்கால் வழியாகவே வந்து சேர்கிறது. வயலின் சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் இல்லை. பயிர் எடுத்தது போக மிஞ்சிய நைட்ரேட்டை அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பிவிடுகின்றன. கடைசியில்தான் ஆறு.

இதைக் கேட்டுவிட்டு உடனே எல்லா ஊரிலும் செய்யலாம் என்று கிளம்புவது ஆபத்து. நோய்க்கிருமிகளையும் புழு முட்டைகளையும் இந்தக் குளம் முழுதாக அழித்துவிடாது. மீனை நன்றாக வேகவைத்தே தின்ன வேண்டும். அதைவிட முக்கியமானது அளவு. குளத்துக்குள் வரும் கழிவு, கரையும் ஆக்சிஜனைவிட அதிகமானால் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும், மீன் மிதக்கும். கம்போங் நாகாவில் புது வீடு கட்ட இடம் விடுவதில்லை. பிள்ளைகள் பெருகினால் வெளியே போய்த்தான் குடியேற வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் ஹஜாட் சசீ என்னும் முன்னோர் வழிபாட்டுச் சடங்குக்கு அவர்கள் திரும்பி வருகிறார்கள். இளையவர்களுக்கு இது வசதியான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற நுட்பங்கள் அத்தனையும் இந்த ஒரு கட்டுப்பாட்டின் மேல்தான் நிற்கின்றன.

நெல்லுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஜனவரியில் ஒரு நடவு, ஜூலையில் ஒரு நடவு. எல்லா வயலிலும் ஒரே காலத்தில். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பக்கத்து வயலில் எப்போதும் இளம்பயிர் இருந்தால் அது தாவித் தாவிப் பெருகிக்கொண்டே போகும். எல்லா வயலும் ஒன்றாக அறுவடையாகிக் காலியாகக் கிடந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. இந்தோனேசிய அரசு இந்தப் பாடத்தைப் பெரும் செலவில் கற்றது. பசுமைப் புரட்சிக் காலத்தில் அடித்த மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்திகளை முதலில் கொன்றன, புகையான் பெருகியது. 1986-ல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ய வேண்டியதாயிற்று.

அறுவடைக்கு உள்ளங்கையில் அடங்கும் சிறு கத்தி. விரல்களுக்கிடையே பிடித்து ஒவ்வொரு கதிராகக் கொய்கிறார்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் உயரமாக வளரும் நாட்டு ரகங்களில் கதிர்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. கொய்யும் கை முற்றியதை மட்டும் எடுக்கிறது, விதைக்கு நல்ல கதிரை அப்போதே தனியே ஒதுக்கவும் முடிகிறது. கொய்த கதிர்கள் காம்போடு கட்டுக் கட்டாகக் காய்ந்து களஞ்சியத்துக்குப் போகின்றன. கட்டுகளுக்கு இடையே காற்று புகும், உமி அரிசியை ஈரத்திலிருந்தும் வண்டிலிருந்தும் காக்கும். தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் உரலுக்கு வருகிறது.