கரிக்கோடு எப்படிக் கிளை விடுகிறது?

ஈரப் பலகையின் இரண்டு ஓரங்களிலும் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், கரிக்கோடுகள் புகைந்துகொண்டே ஊர்ந்து, கிளை விட்டு, நடுவில் வந்து சேரும். இணையத்தில் இந்த வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மரவேலை செய்கிறவர்கள் சிலரும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். செய்து பார்ப்பதற்கு முன்னால், இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வடிவங்களை லிச்சென்பெர்க் உருவங்கள் என்பார்கள். ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த லிச்சென்பெர்க், 1777-ல், மின்னேற்றிய பிசின் வில்லையில் தூசி நட்சத்திரமும் கிளையுமாகப் படிவதைக் கவனித்தார். அது நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும் மின்னிறக்கம். மரத்தில் நடப்பதோ மெதுவானது, முழுக்க நெருப்பு வேலை. பெயர் மட்டும்தான் ஒன்று.

காய்ந்த மரம் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதனால் உப்புத்தன்மையுள்ள கரைசலை மேலே பூசுகிறார்கள். கரைசலில் இருக்கும் அயனிகள் மின்சாரத்தைக் கொண்டுபோகும்போது தண்ணீர் சூடாகிறது. மின்முனையை ஒட்டித்தான் ஓட்டத்தின் நெரிசல் அதிகம், எனவே அங்கே முதலில் ஈரம் ஆவியாகி ஒரு காய்ந்த திட்டு உண்டாகும். ஓட்டம் அறுந்த அந்தச் சின்ன இடைவெளியின் மேல் மின்னழுத்தத்தின் பெரும்பகுதியும் விழ, பொறி தாவுகிறது. மரம் தீய்கிறது.

அப்புறம்தான் விஷயமே. மரம் தீய்ந்தால் மிஞ்சுவது கார்பன். நன்றாக வெந்த கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆக, மின்முனையே கொஞ்சம் நீண்டுவிடுகிறது. கூரான நுனியில் மின்புலம் அதிகம் என்பதால் அடுத்த தீய்ச்சலும் நுனியில்தான் நடக்கும். நுனிக்கு முன்னால் ஈரம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு கணு இருக்கும், ஒரு ரேகை குறுக்கிடும், ஓரிடத்தில் கரைசல் தேங்கியிருக்கும். ஏறக்குறைய சமமான இரண்டு வழிகள் கிடைத்தால் கோடு பிரிகிறது. பிரிந்தவற்றில் முந்திக்கொண்ட கிளை, பக்கத்துக் கிளைக்குக் கிடைக்க வேண்டிய மின்புலத்தை மறைத்துவிடுவதால், பிந்தியது அங்கேயே நின்றுபோகும். அதே மரத்தில் திரும்பச் செய்தாலும் அதே படம் வராது. இரண்டு பக்கத்துக் கோடுகளும் தொட்டுக்கொண்டதும் கரிவழியே ஓட்டம் பாய்ந்து, அந்தத் தடம் மட்டும் ஆழமாக எரியும்.

மலையில் எளிதாகக் கிடைக்கும் சில்வர் ஓக்கில் ஏற்கெனவே மினுங்கும் புள்ளி ரேகைகள் உண்டு. அதன்மேல் இந்தக் கரிக்கோடு எடுபடுமா என்பது, என்னைக் கேட்டால், சந்தேகம்தான்.

மின்வாரியத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பழைய தலைவலி. அழுக்கேறிய இன்சுலேட்டரில் மூடுபனி படிந்தால் மேற்பரப்பில் கசிவு ஓடும், காய்ந்த பட்டைகள் உண்டாகும், பொறி தாவும். பீங்கானில் கரியாக ஒன்றுமில்லை. பிளாஸ்டிக், பிசின் வகைக் காப்புப் பொருள்களிலோ இதே கிளைக்கோடு விழுந்து, அதுவே கடைசியில் ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழியாகிவிடும். டிராக்கிங் என்பார்கள். இன்சுலேட்டரை அடுக்கடுக்கான மடிப்புகளோடு செய்வது இதற்காகத்தான்: கசிவு கடக்க வேண்டிய தூரம் நீளும், மழையிலும் மடிப்பின் அடிப்பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும்.

இனி ஆபத்து. வீடியோக்களில் பெரும்பாலும் இருப்பது பழைய மைக்ரோவேவ் அவனிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர். அது கொடுப்பது சுமார் 2,000 வோல்ட். அமெரிக்காவில் மரக்கடைசல் கலைஞர்களின் தேசியச் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இந்த முறையைத் தடை செய்திருக்கிறது. இதனால் இறந்தவர்கள் 30 பேருக்கும் மேல் என்கிறது அந்தச் சங்கம்.

"வீட்டில்தான் ஃபியூஸ் இருக்கிறதே?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நெஞ்சு வழியாக 0.1 ஆம்பியர் போனாலே இதயத் துடிப்பு குலைந்துவிடக்கூடும். 2,000 வோல்ட்டில் அது 200 வாட். 230 வோல்ட் பக்கத்தில் ஒரு ஆம்பியர்கூட இல்லை. மூன்று மின்விசிறி ஓடுவதற்கும் இதற்கும் ஃபியூஸுக்கு வித்தியாசம் தெரியாது. சரி, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.? வீட்டு வயரிங்கில் போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமில்லை என்றால்தான் அது அணைக்கும். டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டுச் சுருள் தனிச் சுற்று. உடம்பில் பாய்ந்தது அந்தச் சுருளுக்கே திரும்புவதால், வீட்டுப் பக்கம் கணக்கு சரியாகவே இருக்கும். ஆர்.சி.சி.பி. அசையாது.

மரத்தில் சுட்டு வரைய ஆசை இருந்தால் சூட்டுமுனைப் பேனா கடைகளில் கிடைக்கிறது. சில வோல்ட்டில் முனையைச் சூடாக்கும் வகை பார்த்து வாங்கலாம்.