மீன் கவிச்சியும் ரத்தத்தில் கிடைத்த 76-ம்

காசிமேட்டில் விடியற்காலை படகிலிருந்து இறங்கும் வஞ்சிரத்தில் வாடை அவ்வளவாக இருக்காது. அதுவே ஐஸ் போதாமல் மதியம் வரை கிடந்தால் கூடைக்குப் பக்கத்தில் போகாமலே தெரிந்துவிடும். கடல் மீனின் சதையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு, சுருக்கமாக டிஎம்ஏஓ என்று ஒன்று இருக்கிறது, உப்பிலும் அழுத்தத்திலும் புரதங்கள் குலையாமல் காப்பது அதன் வேலை, சுறாவில் இன்னும் அதிகம். அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதிலிருக்கும் ஆக்சிஜனைக் கழற்றிவிட, மிஞ்சுகிற டிரைமெத்தில் அமீன்தான் அந்தக் கவிச்சி. புளியின் அமிலம் பட்டால் அது உப்பாக மாறிவிடும், ஆவியாகி மூக்குக்கு வராது. குழம்பில் கவிச்சி அடங்குவது அப்படித்தான்.

இதே டிஎம்ஏஓ 2011-இல் இதய நோயாளிகளின் ரத்தத்தில் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் குழு செய்த வேலை. அவர் அதற்கு முன்பே வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதிக்கும் மாரடைப்புக்கும் என்ன தொடர்பு என்று துருவிக்கொண்டிருந்தவர். இந்த முறை எதையும் முன்கூட்டிச் சந்தேகப்படாமல், ரத்தத்தில் இருக்கிற சின்ன மூலக்கூறுகளை முடிந்தவரை மொத்தமாக அளந்து பார்த்தார்கள். அதுதான் மெட்டபாலமிக்ஸ்.

ரத்தத்தின் தெளிந்த பகுதியில் ஆல்கஹால் கலந்தால் புரதம் திரிந்து கீழே தங்கிவிடும். மேலே நிற்பதை ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தள்ளினால் மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வரும், வருவதை மின்னேற்றிச் சாரலாகத் தெளித்தால் நிறைமாலைமானி ஒவ்வொன்றின் நிறையையும் சொல்லும். கிடைப்பது எக்கச்சக்கமான எண்கள், பெயர் எதற்கும் இருக்காது. பின்னாளில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டபோது 76, 104, 118 ஆகிய மூன்றும் வந்தவர்களிடம் கூடுதலாக இருந்தன, மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்கின. எண்ணுக்குப் பெயர் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையில் பெரிய தலைவலி. 76 என்பது டிஎம்ஏஓ: நிறை 75, ஒட்டிக்கொண்ட புரோட்டான் 1. மற்ற இரண்டும் கோலின், பீட்டெய்ன் என்ற சத்துப்பொருள்கள்.

முட்டையின் மஞ்சள் கரு, ஈரல் போன்றவற்றில் இருக்கும் கோலினைக் குடல் பாக்டீரியா டிரைமெத்தில் அமீனாக உடைக்கிறது. மீனில் கழன்ற ஆக்சிஜன் இங்கே நம் ஈரலில் எஃப்எம்ஓ3 நொதியால் திரும்ப ஒட்டுகிறது, அது டிஎம்ஏஓ ஆகிவிடுகிறது. 2013-இல் வெளியான ஆய்வில் தன்னார்வலர்களுக்கு அவித்த முட்டையோடு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், டிஎம்ஏஓ கிட்டத்தட்ட காணாமல் போனது, மருந்தை நிறுத்திய பிறகு திரும்பி வந்தது.

சரி, அப்போ சங்கரா குழம்பு சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் ஆபத்தா? கடல் மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் டிஎம்ஏஓ முட்டையால் ஏறுவதைவிட எக்கச்சக்கமாக ஏறும். ஆனாலும் மீன் சாப்பிடுவதால் மாரடைப்பு கூடுவதாகத் தெரியவில்லை. சிறுநீரகம் அதைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடுகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கோ அது தேங்கிவிடும், அந்த நோயே தனியாக இதயத்தைக் கெடுக்கவும் செய்யும். ஆக ராயபுரத்தில் நேற்று ராத்திரி மீன் சாப்பிட்டவருக்கும் வண்ணாரப்பேட்டையில் சிறுநீரகக் கோளாறோடு இருப்பவருக்கும் ஒரே எண் வரலாம், அர்த்தம் வேறு வேறு. இந்த ஒரு எண்ணைக் காட்டி மீனை விடச் சொன்னால் நான் விடமாட்டேன்.

சிஸ்டம்ஸ் பயாலஜி தேவைப்படுவது இங்கேதான். உணவு, பாக்டீரியா, ஈரல் நொதி, சிறுநீரகம் எல்லாவற்றையும் ஒரே வலையாகச் சமன்பாடுகளில் எழுதி, ஒன்றை அசைத்தால் எது எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிடுகிறார்கள். டிஎம்ஏஓ தானே இதயத்தைக் கெடுக்கிறதா, வேறு எதனுடனோ சேர்ந்து ஏறுகிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.