வைரல் லோட்: சுமையா, அளவா?

எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் குருதியில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் சோதனை எண்ணை ஆங்கிலத்தில் 'வைரல் லோட்' என்கிறார்கள். 'வைரஸ்' இலத்தீனில் நஞ்சைக் குறித்த சொல். நச்சுயிரி, தீநுண்மி என்ற தமிழ்ச் சொற்கள் அதைத் தழுவியவை. 'லோட்' பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம் என்று பொருள்பட்டு, பிறகு வழியில் ஏற்றிச் செல்லும் பாரமாக மாறியது. ஆகவே 'நச்சுயிரிச் சுமை', 'வைரஸ் சுமை' என்று பெயர்த்தார்கள். சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குச் சரியில்லை.

சோதனை காட்டுவது செறிவு: ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் (குருதியின் நீர்ப்பகுதியில்) எச்.ஐ.வி.யின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. எத்தனை பிரதிகள் உள்ளன என்பது. 40,000 என்று வந்தால் உடல் முழுவதும் 40,000 வைரஸ்கள் என்று பொருளல்ல. ஒரு வைரஸுக்குள் இரண்டு பிரதிகள் இருப்பதால், அந்த ஒரு மில்லிலிட்டரில் மட்டும் சுமார் 20,000 வைரஸ்கள். எண்ணை மடங்கில்தான் படிக்க வேண்டும். 40,000 அடுத்த முறை 20,000 ஆனால் அது சோதனையின் இயல்பான அலைவாகவே இருக்கலாம். மூன்று மடங்குக்கு மேல் மாறினால்தான் கணக்கு. 'கண்டறிய இயலாத அளவு' என்பதும் பூஜ்யமல்ல. பெரும்பாலும் 20 முதல் 50 பிரதிகள் வரை உள்ள கருவியின் எல்லைக்குக் கீழே என்பதே பொருள்.

'குருதி வைரஸ் அளவு' என்பதே பொருத்தமான பெயர். எங்கே அளந்தது என்பதும் பெயரிலேயே இருக்கட்டும். அது ஏன் முக்கியம் என்பது ஆண்குறியின் முன்தோல் நீக்கத்தில் விளங்கும்.

(விவிலியத் தமிழின் 'விருத்தசேதனம்' வட்டமாக வெட்டுதல், 'சர்க்கம்சிஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் அதே. 'சுன்னத்து' அரபியில் நபிவழி. மருத்துவத்துக்கு, எதை எடுக்கிறோம் என்று சொல்லும் 'முன்தோல் நீக்கம்' போதும்.)

எச்.ஐ.வி. இல்லாத ஆணுக்கு, பெண்ணுடனான உறவில் தொற்றும் வாய்ப்பை முன்தோல் நீக்கம் ஏறக்குறைய 60 விழுக்காடு குறைக்கிறது. முன்தோலின் உட்புறத்தில் வைரஸ் பற்றும் செல்கள் நிறைய இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளைக் கொண்டு 2007இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. ஏற்கெனவே தொற்றுள்ள ஆணிடம் கதை வேறு. வைரஸ் அவர் குருதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருக்கிறது. தோலை நீக்கினால் குருதி வைரஸ் அளவு இறங்காது. அதை இறக்குவது எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்துகளே. உகாண்டாவின் ராக்காய் பகுதியில் நடந்து 2009இல் வெளியான ஆய்விலும், தொற்றுள்ள ஆண்களுக்குச் செய்த முன்தோல் நீக்கம் அவர்களுடைய துணைவியரைக் காக்கவில்லை.

புண் ஆறும்வரை ஆபத்து கூடவும் செய்யும். வெட்டிய விளிம்பில் கசியும் நீரில் வைரஸ் வெளிவருகிறது. குருதியில் அளவு கூடியிருந்தால் கசிவிலும் கூடும். தையல் கரைந்து பொருக்கு உதிர்ந்ததும் ஆறிவிட்டது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. அடியில் புதுத்தோல் முழுதாக மூடியிருக்காது, உராய்ந்தால் பிளக்கும். ஆறு வாரம் உறவைத் தவிர்க்கச் சொல்வது இதற்காகவே. ஆறு வாரம் கழிந்தும் ஈரம் கசிந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.